கீழே தோண்டலாமா, மேலே தூக்கலாமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரில் இரண்டே மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தாமானில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிற ஓர் இளம் தம்பதி, அப்புறம் டொரோண்டோவில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்திருக்கும் என் சித்தி மகன். "வீட்டுக்கு அடியில் பேஸ்மெண்ட் போடலாமா, வேண்டாமா?" நான் எஞ்சினியர் கிடையாது. ஒரு கட்டுமானக் குத்தகையாளரிடம் பதினெட்டு வருடம் சைட் பார்த்தவன், அவ்வளவுதான். ஆனால் பேஸ்மெண்ட் தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் பேசத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெரியவர் கேட்டதற்குக் காரணம் தமிழ்நாட்டு யூடியூப் வீடியோ. அதில் கொத்தனார் "பேஸ்மட்டம் மூணடி போட்டாத்தான் வீடு நிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். இவர் அதை நிலத்துக்கு அடியில் ஓர் அறை என்று எடுத்துக்கொண்டார். அங்கே பேஸ்மட்டம் என்றால் தரைக்கு மேலே வீட்டின் தளம் வரை எழுப்புகிற உயரம், அதாவது நேர் எதிர்த் திசை! மேலே தூக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கீழே தோண்டக் கிளம்பிவிட்டார் மனிதர். இதே வீடியோக்களைப் பார்த்துக் குழம்பியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

சித்தி மகன் கதை வேறு. "அண்ணே, அங்க பேஸ்மெண்ட் இல்லாத வீடே இல்ல, இங்க மட்டும் ஏன் யாரும் கட்டல?" என்றான். அங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரமே உறைந்து உப்பி, மேலோட்டமான அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும். அதனால் உறைகிற ஆழத்துக்குக் கீழேதான் அஸ்திவாரம் போட வேண்டும், டொரோண்டோ பக்கம் அது சுமார் 4 அடி. எப்படியும் நான்கடி தோண்டியாகிவிட்டது, இன்னும் நான்கடி தோண்டினால் ஒரு முழுத் தளம் கிடைத்துவிடும். அங்கே பேஸ்மெண்ட் பாதி இலவசமாக வருகிற அறை. இங்கே உறைபனி ஏது? நம் வீட்டு அஸ்திவாரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே கீழே தோண்டும் ஒவ்வோர் அடிக்கும் முழுக் காசு.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தண்ணீர். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். தீபகற்ப மலேசியாவில் வருடத்துக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. நம் மேற்குக் கரையில் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும்தான் கொட்டும். உங்கள் மண்ணில் நிலத்தடி நீர் எத்தனை அடியில் நிற்கிறது, மழைக்காலத்தில் எவ்வளவு மேலே ஏறுகிறது? இது தெரியாமல் பேஸ்மெண்டைப் பற்றிப் பேசுவதே வீண்.

நிலத்தின் சாய்வும் மண்ணும். பீடோருக்குக் கிழக்கே தித்திவங்சா மலையடிவாரம், சிவப்பு மண், சரிவு. மேற்கே லங்காப் தாண்டி தெலுக் இந்தான் போகப்போகத் தட்டை, மண்ணும் மெத்து. 1885ல் கட்டிய தெலுக் இந்தான் கோபுரம் ஏன் சாய்ந்து நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? அடிமண் அதைத் தாங்கவில்லை. இன்னொன்று, பேராக்கில் வெள்ளீயம் எடுத்து முடித்து மூடிய நிலங்கள் ஏராளம், மேலே புல் முளைத்திருக்கும், உள்ளே மணலும் சேறும் கலந்து கிடக்கும்.

எதற்கு அந்த இடம்? சாமான் வைக்கவா, கார் நிறுத்தவா, தீபாவளிக்கு வருகிற சொந்தம் படுக்கவா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

காசு. கட்டும் செலவும், கட்டி முடித்த பிறகு வருடா வருடம் போகும் செலவும்.

மாவட்ட மன்றம். பிளான் தேறுமா என்பது.

முழங்கால். சிரிக்காதீர்கள். இன்று நாற்பது வயதில் ஏறி இறங்கும் படியை அறுபத்தைந்தில் யார் ஏறுவது?

## ஒரு குழி தோண்டிப் பாருங்கள்

பெரியவரின் நிலம் லங்காப் போகும் வழியில் இருக்கிறது, முன்பு செம்பனை நின்ற இடம். ஜூலையில், மழையில்லாத நல்ல வெயில் காலத்தில், நானும் அவரும் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டுபோய் நிலத்தின் நடுவில் ஆறடிக் குழி ஒன்று தோண்டினோம். முதல் இரண்டடி நல்ல மண். நான்கடியில் சாம்பல் நிறக் களி, மண்வெட்டியில் சோற்றுப் பசை மாதிரி ஒட்டியது, ஒவ்வொரு வெட்டுக்கும் அலகை வழிக்க வேண்டியிருந்தது. ஐந்தரை அடியில் குழியின் ஓரம் கறுத்து வேர்வை மாதிரி கசிய ஆரம்பித்தது. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று மேலே பலகையைப் போட்டு மூடிவிட்டு வந்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பலகையைத் தூக்கினால் முழங்கால் அளவு தண்ணீர், அதில் ஒரு தவளை. ஒரு சொட்டு மழை இல்லாத வாரம் அது! பெரியவர் கொஞ்ச நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இது கெணறுலா" என்றார்.

பெரிய செலவு எதற்கும் முன் இந்தக் குழி. அரை நாள் கூலிதான் ஆகும். ஆறடிக்கு மேல் போகாதீர்கள், மெத்து மண்ணில் ஓரம் சரிந்து ஆளை மூடிவிடும், தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு தரமும் வெயில் காலத்தில் ஒரு தரமும் பார்ப்பது நல்லது. அதன் பிறகும் ஆசை விடவில்லை என்றால் எஞ்சினியரிடம் சொல்லி மெக்கிந்தோஷ் ப்ரோப் போடச் சொல்லுங்கள். சின்ன வீடுகளுக்கு இங்கே வழக்கமாகச் செய்கிற மண் சோதனை அது, இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் அடித்து, ஓரடி ஆழம் இறங்க எத்தனை தரம் அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். ஆனால் மண் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் அது சொல்லும், தண்ணீரைப் பற்றிக் குழிதான் சொல்லும். பக்கத்து ஆற்றின் மட்டத்தையும் பாருங்கள், வடிகால், நீர்ப்பாசன இலாகா நடத்தும் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் இணையப் பக்கத்தில் இருக்கிறது.

## வழி 1: முழு பேஸ்மெண்ட்

நான்கு பக்கமும் மண்ணுக்குள் இருக்கும் அறை. கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். 20க்கு 30 அடி அறை, பத்தடி ஆழம் என்றால் 6,000 கன அடி, அதாவது சுமார் 170 கன மீட்டர் மண். தோண்டிய மண் உதிர்ந்து பெருகும், 200 கன மீட்டருக்கு மேல் போய்விடும். ஒரு லோரி 10 கன மீட்டர் ஏற்றினால் இருபது நடைக்கு மேல். அந்த மண்ணை எங்கே கொட்டுவது? அதற்கும் காசு. எத்தனையோ விலைப்பட்டியலில் "மண் தோண்டுதல்" என்று ஒரு வரி இருக்கும், மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுவது இருக்காது. பிறகு சண்டை.

அடுத்தது பலருக்குத் தெரியாத சங்கதி. காலிப் பேஸ்மெண்ட் என்பது ஒரு கான்கிரீட் தோணி. சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறினால் அது அடியிலிருந்து மேலே தள்ளும். 20க்கு 30 அடித் தளத்துக்கு அடியில் 2 மீட்டர் உயரத்துக்கு நீர் அழுத்தம் இருந்தால் மேல்நோக்கித் தள்ளும் விசை 110 டன்னுக்கு மேல். மேலே வீடு இன்னும் ஏறாத வெறும் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு கனம் இருக்காது. அதனால்தான் கட்டும்போது பம்பை நிறுத்தாமல் ஓட்டுவார்கள். குத்தகையாளர் ஹரிராயா விடுமுறைக்குப் பம்பை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

சுவரில் தண்ணீர் வராமல் தடுக்க மூன்று முறை உண்டு: வெளியே நீர்புகாப் படலம் ஒட்டுவது, கான்கிரீட்டையே நீர் புகாதபடி வார்ப்பது, உள்ளே வருகிற தண்ணீரை வடித்துப் பம்ப் செய்து வெளியேற்றுவது. நம் மாதிரி ஈர மண்ணில் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது, இரண்டையாவது சேர்த்துப் போட வேண்டும். வெளிப்படலத்தில் பின்னால் ஓட்டை விழுந்தால் மண்ணைத் தோண்டாமல் அதைத் தொட முடியாது, வீட்டுக்கு அடியில் எப்படித் தோண்டுவீர்கள்?

மூன்றாவது முறையில் பம்ப் இருக்கிறதே, அதில்தான் நம் ஊருக்கே உரிய வேடிக்கை. இடி மழை எப்போது வருகிறதோ அப்போதுதான் தண்ணீரும் வரும், அப்போதுதான் கரண்டும் ட்ரிப் ஆகும். இடி விழுந்து மெயின் சுவிட்ச் கீழே இறங்கினால் பம்பும் நிற்கும். வீட்டில் ஆள் இல்லாத நாளில்? அதனால் பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் வேண்டும், பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். பம்ப் குழியை மூடாமல் விட்டால் ஏடிஸ் கொசு, சுகாதார அதிகாரி வந்து பார்த்தால் அபராதம். கீழே கழிவறை வைத்தால் அதன் கழிவு மேலே ஏறித்தான் செப்டிக் டேங்குக்குப் போக வேண்டும், அதற்குத் தனிப் பம்ப். இதையெல்லாம் முதல் விலைப்பட்டியலில் யாரும் எழுத மாட்டார்கள்.

"உள்ளே ஜில்லென்று இருக்கும்" என்பார்கள். நம் நாட்டில் ஆழத்து மண்ணின் சூடு வருடச் சராசரியை ஒட்டி, 27 டிகிரி பக்கம் இருக்கும். மதியம் வெளியே 33 டிகிரி இருக்கும்போது இறங்கினால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் காற்றோட்டம் இல்லாத ஈரச் சுகம். நான் வேலை பார்த்த ஒரு பங்களாவுக்கு இரண்டு வருடம் கழித்துப் போயிருந்தேன். கீழே சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நின்றது, விரலால் தொட்டால் உள்ளே வெள்ளை உப்பு பொடியாகக் கொட்டியது. அந்த வீட்டம்மா தன் கல்யாணப் பட்டுச் சேலைகளைப் பெட்டியோடு அங்கே இறக்கி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்து காட்டினார், சரிகை கறுத்து மடிப்பெல்லாம் பூசணம். அந்த வேலையில் நானும் இருந்தேன் என்பதால் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சட்டமும் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைவிதிகளின்படி, வசிக்கும் அறைக்கு அதன் தரைப் பரப்பில் 10 விழுக்காடாவது சன்னல் வேண்டும், 5 விழுக்காடு காற்று வரத் திறப்பு வேண்டும், உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. 10க்கு 12 அடி அறை என்றால் 12 சதுர அடி சன்னல். நாலாபுறமும் மண் சூழ்ந்த அறையில் அதை எங்கே வைப்பது? ஆக அதைப் படுக்கையறை என்று பிளானில் காட்டுவது கஷ்டம், ஸ்டோர் என்றுதான் காட்டுவார்கள். வீட்டை விற்கும்போது அதற்கு ஸ்டோர் விலைதான் கிடைக்கும்.

முழு பேஸ்மெண்ட் யாருக்குச் சரி? நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் மேட்டு நிலம், எல்லையிலிருந்து தாராளமாக விலகிக் கட்டும் பங்களா லாட், செலவைப் பற்றிக் கவலைப்படாத பாக்கெட். மூன்றும் சேர்ந்து உள்ளவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

## வழி 2: சரிவில் அரை பேஸ்மெண்ட்

எனக்குப் பிடித்தது இது. நிலம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் மேல்பக்கத்தை மண்ணுக்குள்ளும் கீழ்ப்பக்கத்தை வெளியே திறந்தும் ஒரு தளம் கட்டலாம். தண்ணீர் தானாகக் கீழே ஓடிவிடும், பம்ப் வேண்டாம். திறந்த பக்கத்தில் சன்னலும் கதவும் வைத்தால் படுக்கையறையாகவே பிளான் தேற வாய்ப்பு உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு.

ஆனால் மலையை வெட்டுவது விளையாட்டு இல்லை. 1993 டிசம்பர் 11ஆம் தேதி கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்ததை மறந்துவிடக் கூடாது. அங்கே பின்மலைச் சரிவில் வடிகால் சரியில்லை, தடுப்புச் சுவர்கள் தாங்கவில்லை. உங்கள் வீடு சின்னதாக இருக்கலாம், பாடம் அதேதான்: மேல்பக்கத்துத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும். பின்னால் ஜல்லி நிரப்பி, அடியில் ஓட்டைக் குழாய் படுக்க வைத்து, சுவரில் வடிதுளைகள் விட்டு, மேலே மழைநீரைத் திருப்பக் கால்வாய் வெட்ட வேண்டும். தடுப்புச் சுவரைப் பதிவு பெற்ற எஞ்சினியர் வரைந்து கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்த கொத்தனார் "நான் நாப்பது செவரு கட்டியிருக்கேன்" என்று சொன்னால் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள், சுவரைக் கொடுக்காதீர்கள்.

பழைய தோட்ட நிலத்தில் இன்னொரு தலைவலி கரையான். பால்மரத்து வேர்க்கட்டைகள் மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும், கரையானுக்கு அது விருந்து. மண்ணைத் தொட்டு நிற்கும் சுவர் வழியாக நேரே மேல்தளத்து அலமாரிக்கு வந்துவிடும். கட்டைகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, தளம் ஊற்றும் முன் மண்ணுக்கு மருந்து அடித்துவிடுங்கள். இது பேஸ்மெண்ட் இல்லாத வீட்டுக்கும் பொருந்தும், ஆனால் மண்ணோடு ஒட்டும் பரப்பு கூடினால் ஆபத்தும் கூடும்.

## வழி 3: காலில் தூக்கிய வீடு

மேட்டில் காலூன்றி நின்ற துரை பங்களாவை நினைத்துப் பாருங்கள், கம்பத்து மலாய் வீடுகளையும் பாருங்கள். அடியில் காற்று ஓடும், வெள்ளம் வந்தால் கீழே போய்விடும். இந்த மண்ணிலேயே பல தலைமுறை இருந்தவர்கள் கீழே தோண்டாமல் மேலே தூக்கியதற்குக் காரணம் இல்லாமலா?

எட்டடி உயரத்தில் கான்கிரீட் தூண் எழுப்பி மேலே வீட்டைக் கட்டினால், அடியில் கார் நிற்கும், துணி காயும், பொங்கலுக்குப் பானை வைக்கலாம், கல்யாணத்துக்குப் பந்தி போடலாம். பேஸ்மெண்டில் இதில் எதைச் செய்வீர்கள்? 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வீட்டுக் கூரை வரை போனதைப் பார்த்த பிறகு எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே இல்லை.

குறை என்னவென்றால் படி. பாட்டிக்கு முழங்கால் வலி என்றால் கீழே ஒரு சின்ன அறையும் கழிவறையும் தளம் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிடுங்கள். மெத்து மண்ணில் தூண்களுக்கு அடியில் பைலிங் (கெட்டி மண் வரை ஆழமாக இறக்கும் கம்பங்கள்) வேண்டியிருக்கும், அந்தச் செலவு பேஸ்மெண்டுக்கும் உண்டு. அப்புறம், அடியில் நான்கு பக்கமும் சுவர் எழுப்பி அறையாக்கலாம் என்று பின்னால் ஆசை வரும். மன்றத்தில் சொல்லாமல் செய்யாதீர்கள்.

## வழி 4: மேலே இன்னொரு மாடி, அல்லது பின்னால் ஒரு ஸ்டோர்

இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இடம் போதவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால் மேலே போவது பெரும்பாலும் கீழே போவதைவிட மலிவு. வெறும் சாமானுக்குத்தான் இடம் என்றால் பின்புறம் ஓர் அறை போதும், அதற்கும் பிளான் கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்கு இதுதான் உண்மையான பதில், ஆனால் கேட்க ஆசையாக இருக்காது.

## ஒரே பார்வையில்

| | முழு பேஸ்மெண்ட் | சரிவில் அரை பேஸ்மெண்ட் | காலில் தூக்கியது | மாடி / ஸ்டோர் |
|---|---|---|---|---|
| தண்ணீர் | பம்பை நம்பி இருக்கும் | தானாக வடியும், சுவர்ப் பின்பக்கம் கவனம் | கவலை குறைவு | கூரை ஒழுகாமல் இருந்தால் போதும் |
| நிலம் | மேடு, அகலமான லாட் | சரிவு மட்டும் | எதுவும், மெத்து மண்ணில் பைலிங் | எதுவும் |
| கட்டும் செலவு | மிக அதிகம் | சுவரைப் பொறுத்தது | நடுத்தரம் | குறைவு |
| மறைந்த செலவு | மண் கொட்டுதல், பம்ப், பேட்டரி, பூசணம் | வடிகால் பராமரிப்பு, கரையான் | படி, பைலிங் | அஸ்திவாரம் தாங்குமா என்ற சோதனை |
| படுக்கையறை ஆகுமா | கஷ்டம் | ஆகலாம் | ஆகும் | மாடி ஆகும் |
| வயதான காலத்தில் | இறங்க மாட்டீர்கள் | பரவாயில்லை | படிதான் தொல்லை | மாடிக்குப் படி |

## காகித வேலை

நிலத்தின் கிரானை (உரிமைப் பத்திரத்தை) எடுத்துப் பாருங்கள். விவசாய நிலம் என்று இருந்தால் கட்டட நிலமாக மாற்ற நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவு. தோட்டத்து ஓரத்தில் மலிவாகக் கிடைக்கிற நிலங்களில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இருக்கும், அதற்குக் காசும் காலமும் ஒதுக்குங்கள். குடியேறுவதற்கான நிறைவுச் சான்றிதழை 2007 முதல் பிளான் கொடுத்த ஆர்க்கிடெக்டோ எஞ்சினியரோ கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். பேஸ்மெண்ட் மாதிரி வேலைக்குக் கையெழுத்துப் போட அவர்கள் யோசிப்பார்கள், யோசிக்காமல் போடுகிறவரை நீங்கள் யோசியுங்கள்.

காப்புறுதியில் ஒன்று. வெறும் தீ காப்புறுதியில் வெள்ளம் அடங்காது, சேர்த்து வாங்க வேண்டும். வாங்கும்போது நிலத்துக்கு அடியில் அறை இருப்பதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

## மூன்று பேருக்கும் சொன்னது

இளம் தம்பதிக்கு 22 அடி அகல லாட், இரண்டு பக்கமும் வீடு ஒட்டி நிற்கிறது. அங்கே தோண்டினால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கும் மண் சரியும், சுவர் வெடிக்கும், வக்கீல் நோட்டீஸ் வரும். மாடி கட்டச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், கீழே தியேட்டர் மாதிரி ஓர் அறை என்று கனவு கண்டிருந்தார். மாடியில் சன்னலுக்குக் கனமான திரை போட்டால் அதுவும் இருட்டுதானே என்றேன், கணவர் சிரித்தார், அவர் சிரிக்கவில்லை.

பெரியவருக்குக் குழியே பதில் சொல்லிவிட்டது. தளத்தை நான்கடி உயர்த்திக் கட்டப்போகிறார், அந்த வீடியோ கொத்தனார் சொன்ன பேஸ்மட்டத்தைவிட ஓரடி கூடுதல். அவருக்கு ரொம்பச் சந்தோஷம், "அப்ப நான் மொதல்லயே சரியாத்தான் கேட்டேன்" என்கிறார்.

சித்தி மகனின் நிலம் மலையடிவாரத்தில், சாலையிலிருந்து பின்பக்கம் பன்னிரண்டடி சரிவு. அரை பேஸ்மெண்டுக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. மேல்பக்கத்தில் ஆறடிக் குழி போட்டோம், காய்ந்து கிடந்தது. அவன் உடனே பேக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கூப்பிடத் தயாராகிவிட்டான். தோண்டியது ஆகஸ்டில், நவம்பர் வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரம் விடாமல் மழை பெய்த பிறகு அதே இடத்தில் திரும்பத் தோண்டிப் பார்க்க வேண்டும், மண்வெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது.